அருவிக்குப் போறீங்களா? இதைப் படிச்சிட்டுப் போங்க!

தீபாவளி லீவில் நாங்கள் கொல்லிமலை ஆகாய கங்கை அருவிக்குப் போய் வந்தோம். முதல் தடவை போகிறவர்களுக்குத் தெரிய வேண்டியதையும், நான் செய்த ஒரு தப்பையும் இங்கே எழுதுகிறேன்.

எங்கே இருக்கிறது?

கொல்லிமலை நம் நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவரான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. அடிவாரத்தில் காரவள்ளியிலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். (எனக்கு 30-வது வளைவிலேயே தலை சுற்றியது. வெறும் வயிற்றிலும் போகாதீங்க, வயிறு முட்டச் சாப்பிட்டும் போகாதீங்க.) 1000 மீட்டர் உயரம் போனால் சுமார் 6 டிகிரி வெப்பம் குறையும். அதனால் ஐப்பசியில் மேலே நல்ல குளிர்.

அறப்பளீசுவரர் கோயிலுக்குப் பக்கத்திலிருந்து பள்ளத்தாக்குக்குப் படி இறங்குகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். அடியில் அய்யாறு சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. அதுதான் ஆகாய கங்கை. அதே ஆறு பிறகு புளியஞ்சோலை வழியாக ஓடுகிறது.

இறங்குவது சுலபம், ஆனால்...

மற்ற மலைகளில் முதலில் ஏறுவோம், களைத்த பிறகு இறங்குவோம். இங்கே தலைகீழ். தெம்பாக இருக்கும்போது இறக்கம், களைத்த பிறகு ஏற்றம். நம் பாடத்தில் வரும் கணக்கையே போட்டுப் பார்க்கலாம்.

ஒரு படியின் உயரம் 15 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 1000 படி என்றால் 150 மீட்டர். ஒரு மாடிக்கு 3 மீட்டர் என்றால் 50 மாடி!
என் எடை 40 கிலோ. வேலை = 40 × 9.8 × 150 = 58,800 ஜூல்.

இது உடம்பைத் தூக்க மட்டும் ஆகும் வேலை. சாப்பாட்டிலிருந்து கிடைக்கும் ஆற்றலில் கால் பங்கு வரைதான் நம் தசைகள் வேலையாக மாற்றும். மீதி வெப்பமாகப் போய்விடும். அதனால்தான் அந்தக் குளிரிலும் வேர்த்துக் கொட்டுகிறது. கீழே ஆட்டம் போட்டுத் தெம்பைத் தீர்த்துவிட்டால் மேலே வருவது ரொம்பக் கஷ்டம்.

நான் செய்த தப்பு

பெரியப்பா, நான், ஐந்தாம் வகுப்பு படிக்கும் தம்பி மூவரும் இறங்கினோம். அம்மாயிக்கு மூட்டுவலி. "நான் கோயில்லயே உக்காந்திருக்கறேன். ரெண்டு மணிக்குள்ள மேல வந்துருங்க" என்று புளிச்சோறு கட்டிக் கொடுத்தது.

கீழே தண்ணீர் வெள்ளையாக, அழகாக விழுந்தது. ஓரத்தில் ஒரு தட்டைப் பாறை. செருப்புகளை அதில் விட்டோம். தம்பி அதன் மேல் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நேரத்தில் தண்ணீரின் நிறம் மாறியது. டீ மாதிரி ஆனது. சருகும் குச்சியும் மிதந்து வந்தன. பெரியப்பா, "ரெண்டு பேரும் உடனே வெளிய வாங்க" என்றார். வெயில் அடித்துக்கொண்டுதான் இருந்தது. "இங்க மழையே இல்லையே பெரியப்பா, அஞ்சே நிமிஷம்" என்று நான் அடம் பிடித்தேன். நான் சொன்னதைக் கேட்டு தம்பியும் எழுந்திருக்கவில்லை. பெரியப்பா பதில் பேசாமல் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படிக்குப் போனார். நான் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனேன்.

இருபது படி ஏறியதும்தான் செருப்பு ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். பாறையைக் காணோம். அந்த இடத்தில் செந்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தம்பி உட்கார்ந்திருந்த பாறை அது.

அவ்வளவு படியையும் வெறுங்காலில் ஏறினோம். பெரியப்பா தன் துண்டைக் கிழித்துத் தம்பியின் காலில் கட்டினார். எனக்கும் கட்ட வந்தார். நான் வேண்டாம் என்றேன். மேலே அம்மாயி குடையோடு முதல் படியில் நின்றுகொண்டிருந்தது. "ஒரு மணி நேரமா இங்க மழை கொட்டுது கண்ணு. செருப்பு எங்க?" என்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மழை இல்லாமல் வெள்ளம் எப்படி?

ஆற்றுக்கு நீர்ப்பிடிப்புப் பகுதி என்று ஒன்று உண்டு. மேலே இருக்கிற காடு, வயல், ஓடை எல்லாவற்றிலும் பெய்கிற மழை ஒரே ஆற்றில் சேர்ந்து, குறுகலான பள்ளத்தாக்கில் பாய்கிறது. நாமோ அடியில் நிற்கிறோம். சுற்றிலும் மலை மறைப்பதால் மேலே மேகம் கூடுவது தெரியாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். அருவி அழகாக இருக்கும் காலமும் அதுதான், ஆபத்தான காலமும் அதுதான்.

இன்னொரு கணக்கு: 300 அடி என்பது சுமார் 90 மீட்டர். அங்கிருந்து ஒரு கல் விழுந்தால், காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், அடியில் அதன் வேகம் வினாடிக்கு 42 மீட்டர். அதாவது மணிக்கு 151 கி.மீ.! வெள்ளம் கல்லையும் கட்டையையும் தள்ளிக்கொண்டு வரும். அருவிக்கு நேர் அடியில் நிற்கவே கூடாது.

முதல் தடவை போகிறவர்களுக்கு

1. காலையிலேயே இறங்கி, மத்தியானத்துக்குள் மேலே வந்துவிடுங்கள்.
2. வனத்துறையினர் கேட்டை மூடியிருந்தால் கெஞ்சாதீர்கள், திரும்பிவிடுங்கள்.
3. தண்ணீர் கலங்கினாலோ, சருகு மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ அந்த நிமிஷமே மேட்டுக்கு ஏறுங்கள். செருப்பு, பை எதையும் எடுக்க நிற்காதீர்கள்.
4. ஏறும்போது 50 படிக்கு ஒரு முறை நின்று மூச்சு வாங்குங்கள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்.
5. பின்பக்கம் வார் உள்ள செருப்போ ஷூவோ போடுங்கள். பாசி வழுக்கும்.
6. தின்பண்டத்தைக் கையில் வைத்திருக்காதீர்கள். குரங்கு பிடுங்கும்.
7. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் தடை. சோற்றைத் தூக்குப்போசியில் கொண்டு போங்கள்.

செருப்பு போனதற்கு வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை. ஆனால் "அஞ்சே நிமிஷம்" என்று நான் சொன்னது இன்னும் மனசில் உறுத்துகிறது. பெரியவங்க "வா" என்று சொன்னால் முதலில் வெளியே வந்துவிடுவோம், காரணத்தைப் படியில் நின்று கேட்டுக்கொள்ளலாம். அருவி அடுத்த வருஷமும் அங்கேயேதான் விழும்.

யோசியுங்கள்: 1000 படி ஏற உங்கள் எடைக்கு எத்தனை ஜூல்? விடையை எழுதி எங்கள் வகுப்பில் கொடுங்கள்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி