வழிவிட்ட மடல் சேராமை

பிறர்க்கு வரும் மின்மடலை வேறொரு முகவரிக்கு வழிவிடுதல் எளிய தொண்டென்றே யாம் எண்ணியிருந்தோம். யாம் சிலர் கூடி நடத்தும் அஞ்சற் சேவையகத்தின் வழியே வந்த நேர்முகத் தேர்வு மடலொன்று எம் தோழர்க்குச் சேராது போயிற்று; தேர்வு நாளும் கழிந்தது.

மறுப்புச் செய்தி மடல் எழுதியவர்க்கே சென்றமையின் யாம் ஒன்றும் அறிந்திலோம். பின்னர்ச் சேவையகப் பதிவேட்டை நோக்கினோம். மடல் எம்மிடம் வந்தது, எம்மைவிட்டும் சென்றது, ஏற்கவேண்டிய சேவையகம் 550 என்னும் எண்ணிட்டு மறுத்தது.

காரணம் யாதெனின், மின்மடற்கும் உறை உண்டு. அவ்வுறையில் மூல அனுப்புநர் முகவரியே நின்றது. கொண்டுசென்றதோ எம் சேவையகம். ஓர் ஆள்களத்தின் மடலை எச்சேவையகங்கள் கொணரலாம் என்பதை டி.என்.எஸ். பதிவில் உரைப்பது எஸ்.பி.எஃப். விதி, 2014-இல் ஆர்.எஃப்.சி. 7208 அதனை வகுத்துரைத்தது. அவ்விதிப்படி யாம் அயலாரானோம்.

இதற்கு மருந்து எஸ்.ஆர்.எஸ். என்னும் முறையாம். போஸ்ட்ஃபிக்ஸுடன் போஸ்ட்எஸ்ஆர்எஸ்டியை இணைத்து, உறையிலுள்ள அனுப்புநர் முகவரியை எம் ஆள்களப் பெயரால் மாற்றினோம். இனி மறுப்பு வரினும் எம்மிடம் வந்தே மூல அனுப்புநரை அடையும். மடலின் தலைப்பையும் உள்ளுரையையும் தொட்டிலோம்; தொடின் டி.கே.ஐ.எம். கையொப்பம் பழுதுறும்.

பிறர் மடலைச் சுமப்போர் உறைமேல் தம் பெயரிட்டுப் பொறுப்பேற்றல் வேண்டும். இதனைத் தோழர்தம் இழப்பினால் யாம் கற்றோம்.