பழைய திறப்பு மோட்டார் வண்டியைத் தேர்ந்து வாங்கும் முறை

உழவன் மாடு வாங்குங்கால் பல்லைப் பிடித்துப் பார்ப்பான், சுழி பார்ப்பான், ஏரிற் பூட்டி நடத்தியும் பார்ப்பான். கொம்பின் வண்ணத்தைக் கண்டு மயங்கி விலை பேசான். பழைய மோட்டார் வண்டி வாங்குவார்க்கும் இம்முறையே பொருந்தும். வண்டி கூரையற்ற திறப்பு வண்டியாயின், ஆராய்ச்சி இருமடங்கு வேண்டும். எங்ஙனமெனின், மூடுவண்டியிற் கூரையும் தூண்களும் வண்டி முறுகாவண்ணம் காக்கின்றன. கூரை நீங்கின் அப்பொறுப்புப் பெரிதும் அடிச்சட்டத்தின்மேல் விழும். ஆகவே முதற்கண் ஆராயற்பாலது அடிச்சட்டமே. வர்ணமும் தோலிருக்கையும் பின்னரே.

நம் நாட்டு உதாரணமொன்று காண்போம். 1959ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டு வண்டியை, சென்னையையடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியார் 1961 முதல் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்னும் பெயராற் செய்தனர். இதன் உடல் தனிச்சட்டத்தின்மீது மரையாணிகளாற் பூட்டப்பெற்றது, கூரையும் அவ்வாறே. ஆதலின் மூடுவண்டியின் கூரையைக் கழற்றித் திறப்பு வண்டியென விற்றல் எளிது. இவ்வெளிமையே வாங்குவோனுக்கு இடராம்.

பழவேற்காடு, எண்ணூர் முதலிய கடற்பக்கங்களில் உப்புக்காற்று இரும்பை அரிக்கும். அங்கு நின்ற வண்டியாயின், சட்டத்தையும் அதன் பக்கக் கிளைகளையும் சிறு சுத்தியாற் றட்டிக் கேட்க. கணீரென்னும் ஒலி நன்று. மந்தவொலி துருவைக் குறிக்கும். பின்னர் ஜாக்கியால் ஒரு பக்கத்தைச் சிறிது உயர்த்தி, வெளியே நின்றவாறே கதவைத் திறந்து மூடுக. கதவு இறுகுமாயின் சட்டம் தளர்ந்ததென்றறிக.

ஓட்டிப் பார்த்தலை, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குச் செல்லும் லாரிகள் நெருங்குமுன், விடியற்காலையிற் செய்தல் நலம். எஞ்சின் குளிர்ந்திருக்கையில் நீரே முடுக்குக. முன்னரே சூடேற்றி வைத்த எஞ்சின் தன் குற்றத்தை மறைக்கும். நீலப்புகை தொடர்ந்து எழின் எண்ணெய் எரிகின்றது. மேடுபள்ளத்தில் மெல்லச் செலுத்தி, முன்கண்ணாடிச் சட்டம் நடுங்குகின்றதா என நோக்குக. பிரேக்கை அழுத்துங்கால் வண்டி ஒருபுறம் இழுத்தலாகாது. வளைவில் மட்டும் விரைதல் வேண்டா. ஹெரால்டின் பின்னச்சு ஊசலாடும் அமைப்புடையது. விரைவாகத் திரும்புகையிற் காலைத் திடீரென ஆக்ஸிலேட்டரினின்றும் எடுத்தால், பின்சக்கரம் உள்மடிந்து வண்டி சறுக்கும். சோழவரத்து விமானத்தளத்தில் முன்னாளிற் பந்தயம் ஓடினார்க்குப் பயிற்சி இருந்தது. புதிதாய் ஓட்டுவார்க்கு அஃதில்லை.

இறுதியாகப் பதிவுச்சான்றை எடுத்து, சட்ட எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியிலுள்ளவற்றோடு ஒப்பிடுக. சான்றில் மூடுவண்டியென்றிருக்க, எதிரே திறப்பு வண்டி நிற்குமாயின் கைப்பணத்தை வெளியெடுக்கற்க. 2021ஆம் ஆண்டுத் திருத்த விதிப்படி, முதற்பதிவாகி 50 ஆண்டு கடந்து, மூலவுருக் குலையாத வண்டியே 'விண்டேஜ்' பதிவுக்குரியது. அப்பதிவு பெற்றதும் கண்காட்சி, அணிவகுப்பு முதலியவற்றிற்கன்றி அன்றாடப் போக்குவரவிற்கு ஆகாது.

கூரையில்லா வண்டி காற்றையும் வானையும் நமக்கு அளிக்கும்; ஆயின் விபத்தில் தலைக்குமேற் காப்பில்லை. ஆதலின், மாணாக்கரே, ஆசை முந்துமிடத்து ஆராய்ச்சியை முன்னிறுத்துக. குற்றங்கண்டு வாங்காது திரும்புதலும் இக்கலையில் ஒரு தேர்ச்சியே.