துருப்பிடித்த வெடி செத்த வெடி அல்ல

1990ஆம் ஆண்டிலிருந்து தீவகத்தை விட்டு இடம்பெயர்ந்த நம்மவர்கள் காணி திருத்தத் திரும்பும்போது, "இத்தனை வருடம் உவர் மண்ணில் கிடந்த வெடி இனியும் வெடிக்குமா?" என்று கேட்பதுண்டு. வெடிக்கும். காரணத்தை அறிந்துகொள்வோம்.

மிதிவெடியில் அதிகமாக இருக்கும் ரி.என்.ரி. போன்ற மருந்து இலகுவில் வெடிக்காது. அதைத் தூண்டுவது டெற்றனேற்றர் என்னும் சிறு குழாய். அதற்குள் பெரும்பாலும் ஈய அசைட்டு இருக்கும். ஈயமும் நைதரசனும் சேர்ந்த இச்சேர்வை ஓர் அடியாலோ உராய்வாலோ தீப்பொறியாலோ வெடிக்கும். அதற்குக் காற்றுத் தேவையில்லை, நனைந்தாலும் வெடிக்கும்.

ஈரம் இன்னொரு கேட்டையும் செய்யும். ஈரமும் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டும் பட்டால் ஈய அசைட்டிலிருந்து ஒருவகை அமில ஆவி மெல்லக் கிளம்பும். அது அருகிலுள்ள செம்பையோ பித்தளையையோ தாக்கிச் செப்பு அசைட்டை உண்டாக்கும். இது முன்னதிலும் பொல்லாதது. சிறு உரசலே போதும். இதனாலேயே ஈய அசைட்டை அலுமினியக் குழாயில் அடைக்கிறார்கள். ஆனால் உக்கிய வெடியின் உள்ளே எது எதைத் தொட்டுக் கிடக்கிறது என்பதை வெளியே பார்த்து அறிய முடியாது.

ஆகவே நாம் செய்யவேண்டியவை:

1. தோட்டம் கொத்தும்போதோ கிணறு துப்புரவாக்கும்போதோ சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், எறியாமல், எரிக்காமல், வந்த வழியே திரும்புவோம்.

2. செம்பு, பித்தளை விலைப்படும் என்று பழைய வெடிகளைப் பொறுக்கவோ உடைக்கவோ மாட்டோம்.

3. பேனை மூடி அளவான குழாயும் கையைப் பறிக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்போம்.

4. தூரத்தில் அடையாளமிட்டு, கிராம அலுவலருக்கோ 119 பொலிஸ் இலக்கத்துக்கோ உடனே அறிவிப்போம்.

காணி காத்திருக்கும், போன உயிர் திரும்பாது.