கூதிர் காலமும் சுக்குமல்லிக் காப்பியும்



பெரும்பொழுது ஆறு என்று தமிழ் வகுப்பில் படித்தோம் அல்லவா? அதில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம். "ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை" என்பார்கள். நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனால் சூடாக ஏதாவது குடிக்கத் தோணும். அதற்கு ஏற்றது சுக்குமல்லிக் காப்பி. பெயர்தான் காப்பி, அதில் காப்பித்தூளே கிடையாது!

தேவையான பொருட்கள்:
மல்லி விதை – 100 கிராம்
சுக்கு – 50 கிராம்
மிளகு – 1 டீஸ்பூன்
ஏலக்காய் – 5
கருப்பட்டி – தேவைக்கு

செய்முறை:
முதலில் சுக்கின் தோலைச் சீவிவிடணும். "சுக்குக்குப் புறம் நஞ்சு, கடுக்காய்க்கு அகம் நஞ்சு" என்று பெரியவங்க சொல்வாங்க. பிறகு சுக்கை உரலில் போட்டு நன்றாகத் தட்டிக்கொள்ளவும். (முழுசாக மிக்ஸியில் போட்டால் பிளேடு போயிடும்!) மல்லியையும் மிளகையும் வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுக்கவும். ஆறியதும் எல்லாவற்றையும் சேர்த்துப் பொடியாக்கி, ஈரமில்லாத டப்பாவில் போட்டு வைக்கலாம். 1 டம்ளர் தண்ணீருக்கு 1 டீஸ்பூன் பொடி போட்டு 5 நிமிடம் கொதிக்க விடவும். கருப்பட்டியில் மண், தூசி இருக்கும். அதனால் அதைத் தனியே கரைத்து, வடிகட்டித்தான் சேர்க்கணும்.

தொண்டை ஏன் கதகதன்னு இருக்கு?
இஞ்சியின் காரத்துக்குக் காரணம் ஜிஞ்சரால் என்ற பொருள். இஞ்சி காய்ந்து சுக்காகும்போது ஜிஞ்சராலில் ஒரு பகுதி ஷோகால் என்ற பொருளாக மாறுகிறது. (ஜப்பான் மொழியில் இஞ்சிக்கு 'ஷோகா' என்று பெயர்.) ஷோகாலுக்குக் காரம் அதிகம். நம் நாக்கிலும் தொண்டையிலும் சூட்டை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. காரம் பட்டாலும் அதே முனைகள்தான் தூண்டப்படுகின்றன. அதனால்தான் ஆறிப்போன சுக்குக் காப்பிகூட சூடாக இறங்குவது மாதிரி இருக்கு. மிளகாய்க் காரத்தை வைத்து இந்த உணர்வைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ் என்ற விஞ்ஞானிக்கு 2021-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

நன்மைகள்:
மழைக்காலத்தில் குடிதண்ணீரில் சாக்கடைத் தண்ணீர் கலந்தால் வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை பரவும். கொதிக்க வைத்தால் அந்தக் கிருமிகள் செத்துவிடும். என்னைக் கேட்டால் சுக்கைவிட, இதில் உள்ள கொதித்த தண்ணீர்தான் பெரிய நன்மை. காபின் இல்லாததால் ராத்திரி குடித்தாலும் தூக்கம் கெடாது.

கவனிக்க வேண்டியவை:
"சுக்குக்கு மிஞ்சின மருந்தில்லை" என்று பழமொழி இருக்கிறது. ஆனால் அதையே நம்பி இருந்துவிடக் கூடாது. எங்கள் அப்பாயிக்குச் சர்க்கரை நோய். போன மழைக்காலத்தில் தினமும் மூணு டம்ளர் குடித்தார்கள். வேண்டாம் என்றால், "இது சீனியா கண்ணு? கருப்பட்டி ஒண்ணும் பண்ணாது" என்பார்கள். ஆஸ்பத்திரியில் பரிசோதனை செய்தபோது சர்க்கரை ஏறியிருந்தது. "கருப்பட்டியும் சர்க்கரைதாங்க பாட்டி" என்று நர்ஸ் அக்கா சொன்ன பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. கருப்பட்டியில் பெரும்பகுதி, சீனியில் உள்ள அதே சுக்ரோஸ்தான். இப்போது அப்பாயி இனிப்பில்லாமல்தான் குடிக்கிறார்கள். முகத்தைச் சுளிப்பார்கள். துணைக்கு நானும் ஒரு டம்ளர் இனிப்பில்லாமல் குடிக்கிறேன்.

அதேபோல, காய்ச்சல் வந்தால் கசாயம் குடித்துவிட்டு வீட்டிலேயே படுத்திருக்கக் கூடாது. டெங்குவாக இருந்தால் ஒவ்வொரு நாளும் முக்கியம். உடனே டாக்டரிடம் போகணும். வயிற்றுப்புண் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுக் குடிப்பது நல்லது.

முடிவுரை:
சுக்குமல்லிக் காப்பி நல்ல பானம்தான். ஆனால் அது டாக்டர் இல்லை. இன்று சாயங்காலமே உங்கள் வீட்டில் செய்து பாருங்கள். வீட்டில் சர்க்கரை நோய் உள்ள தாத்தா, பாட்டி இருந்தால் கருப்பட்டி விஷயத்தை மறக்காமல் சொல்லுங்கள்.

மழை வந்தால் கொதிக்க வைப்போம்!
காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரி போவோம்!



– ஒன்பதாம் வகுப்பு மாணவி