தெளிந்த நீரெல்லாம் நல்ல நீரா?

மாணவிகளே! நம் விலங்கியல் கூடத்தின் ஜன்னலோரம் இருக்கும் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மணி அடித்த பிறகும் சிலர் அதன் முன்னால் நிற்பது எனக்குத் தெரியும். அதில் முதன்முதலாக விட்ட ஐந்து கீச்சான் குஞ்சுகளில் மூன்று, ஆறாம் நாள் காலையில் செத்து மிதந்தன. தண்ணீரோ பளிங்கு போல் இருந்தது. "இவ்வளவு சுத்தமான தண்ணீரில் ஏன் டீச்சர் செத்துப் போச்சு?" என்று ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி அழுதுகொண்டே கேட்டாள். அன்று அவளைத் தேற்றவே நேரம் சரியாக இருந்தது. பதிலை இங்கே எழுதுகிறேன்.

மீன் தன் கழிவின் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. அது நீரில் கரைந்துவிடும்; கண்ணுக்குத் தெரியாது. டீ வடிகட்டி தேயிலைத் தூளைப் பிடிக்கும், சர்க்கரையைப் பிடிக்குமா? அதுபோலத்தான் பஞ்சும் மணலும் தூசியைப் பிடிக்குமே தவிர, கரைந்த நஞ்சைப் பிடிக்க மாட்டா. அந்த வேலையைச் செய்பவை மணலிலும் கல்லிலும் ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். 1890-ஆம் ஆண்டை ஒட்டி இவற்றைப் பிரித்தெடுத்துக் காட்டியவர் ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி. புதிய தொட்டியில் இவை பெருகப் பல வாரங்கள் ஆகும். நாங்கள் அவசரப்பட்டுவிட்டோம். இரண்டாம் முறை, சுட்ட ஓட்டுத் துண்டுகளைத் தொட்டியில் அடுக்கி, மீனில்லாமல் துளி தீனி மட்டும் போட்டு, ஆறு வாரம் காத்திருந்தோம். பிறகு விட்ட மீன்கள் பிழைத்தன.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. நைட்ரேட் அம்மோனியாவைப் போல உடனே கொல்லாது, சேர்ந்துகொண்டே போகும். கணக்கு போட்டுப் பாருங்கள். தீனியில் 40 சதவீதம் புரதம் என்றால், புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன். ஒரு கிராம் தீனியில் 64 மில்லிகிராம் நைட்ரஜன். அது முழுவதும் மாறினால் சுமார் 283 மில்லிகிராம் நைட்ரேட். 200 லிட்டரில் அது லிட்டருக்கு 1.4 மில்லிகிராம். தினம் ஒரு கிராம் போட்டால் வாரத்துக்கு 10 ஏறும். வாரந்தோறும் ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றினாலும் போதாது. மாற்றுவதற்கு முன் 50, மாற்றிய பின் 40 என்றே அது ஊசலாடும். தீனியைப் பாதியாக்கினால் இரண்டும் பாதியாகும். ஆசையாய்ப் போடும் கூடுதல் சிட்டிகைதான் பாசியாக முளைக்கிறது! பஞ்சில் சிக்கிய அழுக்கும் நீரில்தானே ஊறிக் கிடக்கிறது? அதை வாராவாரம் அலசாவிட்டால் வடிகட்டியே நைட்ரேட் ஆலையாகிவிடும்.

கடலில் இதற்கு இயற்கையே வழி செய்திருக்கிறது. காற்றுப் புகாத மண்ணடியிலும் கல்லின் உட்துளைகளிலும் வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி விட்டுவிடுகின்றன. ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் உயிருள்ள கடற்கற்களையும் காற்றுக் குமிழ்களையும் மட்டுமே கொண்டு தொட்டி வளர்க்கும் முறையை 1961-இல் எழுதினார். கடலோரக் காட்சிசாலைகளுக்கு இன்னும் எளிது, புதுநீரை இறைத்துக்கொள்ளலாம். நமக்கோ திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போய் டிரம்மில் கொண்டுவர வேண்டும். வேனில் சிந்திய உப்புநீருக்காக டிரைவர் அண்ணன் என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை.

மரக்காணத்து உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு அடுத்த பாடம் சுலபம். வெயிலில் நீர் போகும், உப்பு தங்கும். தொட்டியிலும் அப்படியே. குறைந்த அளவுக்குக் கடல்நீரை ஊற்றினால் உப்பு ஏறும். ஆகவே நல்ல நீரைத்தான் ஊற்ற வேண்டும். எது நல்ல நீர்? மாணவிகள் தத்தம் வீட்டுக் கிணற்று நீரைப் புட்டிகளில் கொண்டுவந்தார்கள். பரிசோதனைத் திரவத்தை விட்டதும் ஒரு புட்டி இரத்தச் சிவப்பானது. லிட்டருக்கு 50-க்கும் மேல் நைட்ரேட்! குடிநீருக்கு இந்தியத் தர அளவு 45 தான். யூரியா போட்ட வயலும் கழிவுக் குழியும் கிணற்றுக்கு அருகில் இருந்தால் இப்படி நேரும். அவ்வீட்டில் நான்கு மாதக் கைக்குழந்தை இருந்தது.

"காய்ச்சித்தானே புட்டிப்பால் கரைக்கிறோம்" என்றார் அந்தத் தாய். பெற்றோர்கள் இதைக் கவனிக்க வேண்டும். காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. நீர் சுண்டுவதால் சற்றுக் கூடவே செய்யும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இது இரத்தத்தின் பிராணவாயு சுமக்கும் சக்தியைக் கெடுத்து, உடல் நீலம் பாரிக்கச் செய்யலாம். குழந்தைக்கு வேறு நீர் எடுக்கச் சொன்னோம். எங்கள் சிவப்பு நிறத்தை மட்டும் நம்பாமல், குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்துக்கும் நீரைக் கொடுத்தனுப்பச் சொன்னோம். தொட்டிக்கு அன்றிலிருந்து மழைநீர்தான். முதல் மழையை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிக்கிறோம்.

"பவளம் வைக்கலாமா டீச்சர்?" என்று பலர் கேட்கிறீர்கள். முடியாது. 2001 முதல் பாறை கட்டும் பவளங்கள் புலிக்குச் சமமாக வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. சட்டம் இடம் கொடுத்தாலும் நம் தண்ணீர் இடம் கொடுக்காது. பவளத்தின் உடலுக்குள் நுண்பாசி குடியிருந்து உணவு தருகிறது. நைட்ரேட் மிகுந்தால் அந்தப் பாசி அளவுமீறிப் பெருகி உறவு கெடும். வெளிப்பாசியும் மேலே படர்ந்து மூடும். பவளக் கடலின் நீரில் நைட்ரேட் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்கூட இராது. வயலில் மிஞ்சும் உரம் ஆற்றோடு போய்ச் சேரும் இடமும் அந்தக் கடல்தான்.

இப்போது நம் தொட்டி 20-க்கும் 25-க்கும் இடையில் நிற்கிறது. கீச்சான்களுக்கு அது போதும். அரை கிராம் தீனி அளந்த சிறு புட்டிகள், கிழமை எழுதி, அலமாரியின் இரண்டாம் தட்டில் இருக்கின்றன. அன்று அழுத மாணவிதான் அவற்றை நிரப்பி வைக்கிறாள். சனி, ஞாயிறுக்குப் புட்டி கிடையாது. மீன்கள் இரண்டு நாள் பட்டினியை நன்றாகவே தாங்கும்.