மரத்திற்கு அறுவை செய்வோர்



சென்ற ஆண்டு மழைக்காலத்தில் நம் பள்ளித் திடலோரத்து அங்சானா மரத்தின் பெருங்கிளையொன்று காற்றில் முறிந்து தொங்கியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதனை அகற்ற நால்வர் வந்தனர். அன்று ஐந்தாம் ஆண்டு மாணவர் எவருக்கும் பாடத்தில் மனம் செல்லவில்லை. நான் கண்டிக்கவில்லை. உண்மையைச் சொல்வதானால், நானும் சன்னலருகே நின்றவன்தான்.

அவர்கள் கொண்டுவந்த பொருள்களை நினைவுகூருங்கள். தலைக்கவசம், கண்ணாடி, இடுப்பையும் தொடைகளையும் சேர்த்துக் கட்டும் வார், கயிறுகள், பெரியதும் சிறியதுமாக இரண்டு சங்கிலி வாள்கள், ஆளைத் தூக்கி உயர்த்தும் கூடை பொருத்திய லாரி. வெட்டிய கிளைகளைத் துண்டு துண்டாகத் துருவித் தள்ளும் இயந்திரம் ஒன்றும் லாரியின் பின்னே வந்தது. நீங்கள் அதனையே அதிகம் வியந்தீர்கள். சங்கிலி வாளோ வியப்புக்குரியது மட்டுமன்று, அச்சத்துக்கும் உரியது. அதன் நுனியின் மேற்பகுதி எதிலேனும் முட்டினால், வாள் கண்ணிமைக்கும் நேரத்தில் பிடித்தவர் முகத்தை நோக்கித் திமிறி எழும். ஆகவேதான் தேர்ந்த ஆள் அதனை எப்போதும் இரு கைகளாலும் பற்றுவார்.

கிளையை அவர்கள் ஒரே வெட்டில் வீழ்த்தவில்லை என்பதைக் கவனித்தீர்களா? முதலில் அடிமரத்திலிருந்து சற்றுத் தள்ளிக் கிளையின் அடிப்புறத்தில் சிறிதளவு அறுத்தனர். பின்னர் அதற்கும் சற்று வெளியே மேலிருந்து அறுத்தனர். பாரமான கிளை விழும்போது அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு போகாதிருக்கவே இந்த ஏற்பாடு. மூன்றாவதாக எஞ்சிய முளையை நீக்கினர். அப்போதும் வாள் அடிமரத்தை ஒட்டிச் செல்லவில்லை. கிளை புறப்படும் இடத்தில் கழுத்துப்பட்டி போலச் சற்றுப் புடைத்த வளையம் ஒன்று உண்டு. அதனை விட்டுவிட்டு அதற்கு வெளியே வெட்டினர்.

முற்காலத்தில் அடிமரத்தோடு மழமழவென்று வழித்தெடுப்பதே நல்ல வேலை எனப்பட்டது. அது தவறு என்று எடுத்துக்காட்டியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க வன அறிவியலறிஞர் அலெக்ஸ் சைகோ (1930–2006). அவர் ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து ஆராய்ந்தார். நம் தோலில் பட்ட காயம் ஆறுவதுபோல் மரத்தின் காயம் ஆறுவதில்லை, காயம்பட்ட பகுதியைச் சுவரெழுப்பி அடைத்துவிட்டு மரம் அதன்மேல் புதிதாக வளர்கிறது என்று அவர் விளக்கினார். அந்தப் புடைத்த வளையத்தை வெட்டிவிட்டால் சுவரெழுப்பும் ஆற்றல் குன்றும், அழுகல் உள்ளே புகும்.

அவ்வேளையில் ஒரு மாணவன், "ஐயா, இவர்கள் மரத்துக்கு டாக்டர்களா?" என்று கேட்டான். ஆம் என்றேன். "நம் தோட்டத்தில் அப்படி ஒருவரும் இல்லையே" என்றான். அவன் பாட்டி முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். பள்ளிப் படிவத்தில் பாட்டியின் தொழில் என்ற இடத்தில் அவன் 'ஒன்றுமில்லை' என்று எழுதியிருந்தது என் நினைவுக்கு வந்தது. அவனுக்கு அன்று சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

இரப்பர் நம் மண்ணுக்குரிய மரமன்று. பிரேசில் நாட்டு விதைகள் 1876-இல் இலண்டன் கியூ தோட்டத்திற்குச் சென்றன. அங்கு முளைத்த கன்றுகளுள் 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அமேசான் காட்டில் பால் எடுப்போர் சிறு கோடரியால் மரத்தைக் கொத்துவர். கொத்திய இடமெல்லாம் வடுவாகும். 1888 முதல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவை நடத்திய ரிட்லி என்பார் வேறு வழி கண்டார். பட்டையில் ஒரே கோட்டினை வைத்துக்கொண்டு, அதன் கீழ்விளிம்பை மெல்லியதாகச் சீவிச் சீவிப் பால் எடுக்கலாம் என்று காட்டினார். ஓயாமல் இரப்பரையே பேசித் திரிந்ததால் அவரைப் 'பைத்தியக்கார ரிட்லி' என்று தோட்டக்காரர்கள் கேலி செய்தனர். பின்னர் அவர்களே இரப்பர் நட்டுப் பணக்காரர் ஆயினர்.

இனிப் பட்டைக்குள் நுழைவோம். பால் குழாய்கள் பட்டையின் உட்பகுதியில் செறிந்துள்ளன. அவற்றிற்கும் கட்டைக்கும் இடையே கேம்பியம் என்னும் மெல்லிய வளர்படலம் உண்டு. புதுப் பட்டையைப் பிறப்பிப்பது அதுவே. ஆழமாக வெட்டாவிட்டால் பால் குறையும். கேம்பியத்தைத் தொட்டாலோ மரம் கெடும். எனவே ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் பட்டையை உள்ளே விட்டு வெட்ட வேண்டும். உங்கள் அளவுகோலில் மிகச் சிறிய கோடு அதுதான். அதனை அளவுகோலின்றி, விடியுமுன் இருளில், நெற்றி விளக்கின் ஒளியில், நாள்தோறும் ஏறக்குறைய ஐந்நூறு மரங்களில் கணிக்க வேண்டும்.

கோடு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து, ஒட்டுமரத்தில் சுமார் 30 பாகைச் சரிவில் இறங்கும். பால் குழாய்கள் நேர்க்குத்தாக நில்லாமல் வலப்புறம் சற்றே சாய்ந்து மேலேறுவதால், இவ்வாறு வெட்டினால்தான் மிகுதியான குழாய்கள் திறக்கும். உளி மழுங்கியிருந்தால் குழாயின் வாய் நசுங்கும். அதனால்தான் மாலையில் லயத்து வாசல்தோறும் சாணைக்கல்லின் ஓசை கேட்கும்.

சீவலின் கனத்திலும் கணக்கு உண்டு. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டும் மரத்திற்கு ஆண்டில் 150 வெட்டு என்று கொள்வோம். ஒவ்வொரு முறையும் 1.5 மி.மீ. சீவினால் ஆண்டுக்கு 22.5 செ.மீ. பட்டை தீரும், 2 மி.மீ. சீவினால் 30 செ.மீ. தீரும். ஒன்றரை மீட்டர் உயரப் பட்டை முன்னவர் கையில் ஆறரை ஆண்டுக்கு மேல் நிற்கும், பின்னவர் கையில் ஐந்தே ஆண்டில் முடியும். அரை மில்லிமீட்டர் செய்யும் வேலை இது! ஒரு பக்கம் முடிந்ததும் மறுபக்கம் வெட்டுவர். அதுவும் முடிவதற்குள் முதற்பக்கத்தில் புதுப் பட்டை தடித்துவிடும். இவ்வாறு ஒரு மரம் 25, 30 ஆண்டுகள் வரை பால் தருகிறது.

விடியுமுன் போவது ஏன் என்று கேட்பீர்கள். இரவில் மரம் நீரை அதிகம் இழப்பதில்லை. பால் குழாய்களில் அழுத்தம் மிகுந்திருப்பதால் அப்போது பால் நன்றாக ஓடும். வெயிலேற ஏற ஓட்டம் தளரும். ஆகவே இருளில் பெரட்டுக்குச் சென்று பெயர் கொடுத்து, நிரைக்கு நடந்து, கோட்டுப்பாலை உரித்துக் கூடையிலிட்டு, மரத்தை வெட்டி, மங்கைத் திருப்பி வைத்து அடுத்த மரத்திற்கு ஓட வேண்டும். மழை வந்தால் அன்றைய கூலிக்கே ஆபத்து. பட்டை நனைந்திருந்தால் பால் கோட்டில் நில்லாமல் மரமெங்கும் வழியும். ஈரத்தில் வெட்டினால் பூஞ்சை பற்றிக் கோட்டின்மேல் கருங்கீற்றுகள் தோன்றும். கொசுவையும் அட்டையையும் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அக்காலத்தில் தோளில் காண்டாக் கம்பும் அதன் இருமுனைகளில் வாளிகளுமே வாகனம். பின்னர் மிதிவண்டியும் மோட்டார் சைக்கிளும் வந்தன. நிறுவை முடிந்த பாலை டிராக்டர் தொட்டியிலும் லாரியிலும் ஏற்றித் தொழிற்சாலைக்குக் கொண்டுபோவார்கள். வழியில் உறையாதிருக்க அம்மோனியா கலப்பார்கள். பெக்கோக் வட்டாரத்தில் இன்று செம்பனை பெருகிவிட்டது. எஞ்சிய இரப்பர் நிரைகளில் உளி பிடிப்போருள் அயல்நாட்டவர் பலர். நம்மவர் கைத்திறன் பாட்டிமாரோடு போய்க்கொண்டிருக்கிறது.

எனக்கு அத்திறன் வாய்க்கவில்லை. 1980-இல் எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளி விடுமுறையில் அம்மாவுக்கு உதவியாகக் கோட்டுப்பால் உரிப்பேன். ஒருநாள் அவர் அடுத்த நிரைக்குச் சென்ற நேரம் பார்த்து, உளியை எடுத்து ஒரு மரத்தை வெட்டினேன். பால் குபுகுபுவென்று ஓடியது. எனக்கு ஒரே பெருமை. அம்மா திரும்பி வந்து கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். அடிக்கவில்லை. "கட்டை தெரியுது பாருய்யா" என்றார். மண்டோர் கண்டால் காயத்திற்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அன்று முழுவதும் அவர் என்னோடு பேசவில்லை.

ஆசிரியர் பயிற்சி முடித்துத் திரும்பியபோது அந்த நிரைக்குப் போய்ப் பார்த்தேன். மற்ற மரங்களில் புதுப் பட்டை வழுவழுப்பாக வளர்ந்து, அதன்மேல் மீண்டும் கோடு போட்டிருந்தார்கள். என் மரத்தில் மட்டும் நான் வெட்டிய இடத்தில் முஷ்டியளவு முண்டு ஒன்று புடைத்திருந்தது. அதன்மேல் உளி செல்லாது. கோடு அந்த முண்டுக்கு முன்னரே நின்றுவிட்டிருந்தது.