எவ்வளவு?

ஞாயிற்றுக்கிழமை மாலை. குடியிருப்புப் பகுதியின் பொது மண்டபத்தில் நாற்பது ஐம்பது பேர் அமர்ந்திருந்தனர். இலவச இரத்த அழுத்தப் பரிசோதனை என்ற அறிவிப்பைப் பார்த்து வந்தவர்கள், பெரும்பாலோர் முதியவர்கள். பரிசோதனை முடிந்ததும் பேச்சாளர் ஒருவர் முன்னால் வந்து, கறுப்பு நிறத்தில் வட்டமாக இருந்த ஒரு கழுத்துப் பதக்கத்தைத் தூக்கிக் காட்டினார்.

"இது குவாண்டம் பதக்கம். உங்கள் உயிரணுக்களின் அதிர்வைச் சீராக்கும். மூட்டுவலி, இனிப்புநீர், தூக்கமின்மை எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும்," என்றார்.

பிறகு ஒரு பாட்டியை அழைத்து, ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொன்னார். அந்தக் கையை இலேசாக அழுத்தியதும் பாட்டி தடுமாறினார். பதக்கத்தை அணிவித்து மீண்டும் அழுத்தினார். இம்முறை பாட்டி அசையவில்லை. மண்டபத்தில் கைத்தட்டல் எழுந்தது. பாட்டியுடன் வந்திருந்த படிவம் நான்கு மாணவியான பேத்தி மட்டும் எழுந்து, "ஐயா, இதிலிருந்து வரும் ஆற்றல் எவ்வளவு?" என்று கேட்டாள்.

"இன்றைக்கு மட்டும் சலுகை விலை, அம்மா. 280 ரிங்கிட்தான்," என்றார் பேச்சாளர்.

அவள் கேட்டது விலையை அன்று. ஆனால், அந்த மண்டபத்தில் அன்று குவாண்டம் இயற்பியலுக்கு மிக நெருக்கமாக வந்தது அவளுடைய கேள்விதான். 'குவாண்டம்' என்பது இலத்தீன் மொழிச் சொல். அதன் பொருளே 'எவ்வளவு' என்பதாகும்.

இந்தச் சொல் இயற்பியலுக்குள் வந்த கதை ஒரு கணக்கில் தொடங்குகிறது. சூடேறிய இரும்பு முதலில் சிவப்பாகவும் பின்னர் மஞ்சளாகவும் ஒளிர்வதைக் கொல்லர்கள் பல நூற்றாண்டுகளாகக் கண்டு வந்துள்ளனர். எந்த வெப்பநிலையில் எந்த நிற ஒளி எவ்வளவு வெளிவரும் என்று கணக்கிட முயன்றபோது, அக்காலக் கோட்பாடு தந்த விடை ஆய்வகத்தில் அளந்த அளவோடு பொருந்தவில்லை. ஜெர்மானிய இயற்பியலாளர் மேக்ஸ் பிளாங்க் இதற்கு ஒரு வழி கண்டார். ஆற்றல் குழாய்நீர்போல் இடைவிடாமல் வெளிவருவதில்லை, சிறு சிறு பொட்டலங்களாகவே வெளிவருகிறது என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாக வந்தது. 1900ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் பெர்லினில் இதனை அறிவித்தார்.

மலேசியக் கடைகளில் நடப்பதை இதற்கு ஒப்பிடலாம். கணக்குச் சீட்டில் 12 ரிங்கிட் 43 சென் என்று இருந்தாலும் ரொக்கமாகக் கொடுக்கும்போது 12 ரிங்கிட் 45 சென் என்றுதான் கொடுக்க வேண்டும். கைம்மாறும் பணம் 5 சென்னின் மடங்காகவே இருக்கும். அதற்கு இடைப்பட்ட தொகை இல்லை. ஒளியும் அணுவும் ஆற்றலை அப்படித்தான் கொடுத்து வாங்குகின்றன. ஆனால், அந்தச் 'சில்லறை' மிகச் சிறியது. அதனைக் கணக்கிட உதவும் பிளாங்க் மாறிலியை எழுத வேண்டுமானால், தசமப் புள்ளிக்குப் பின் 33 சுழியங்களை இட்டு, அதன்பிறகே 6626 என எழுத வேண்டும். அதனால்தான் அன்றாட வாழ்வில் இந்தப் பொட்டலங்களை நாம் உணர்வதில்லை.

இவ்வளவு சிறிய எண்ணை அறிவியலாளர்கள் எவ்வளவு நம்புகின்றனர் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2019ஆம் ஆண்டு மே 20 முதல் கிலோகிராம் என்னும் அலகே பிளாங்க் மாறிலியைக் கொண்டு வரையறுக்கப்படுகிறது. சந்தையில் கத்தரிக்காய் நிறுக்கும் தராசுக்குக் குவாண்டம் இயற்பியலோடு இருக்கும் உறவுகூட அந்தப் பதக்கத்துக்கு இல்லை.

பதக்கம் விற்பவர்கள் அடிக்கடி எடுத்தாளும் சொல் 'அதிர்வு'. மருத்துவமனையில் உள்ள எம்.ஆர்.ஐ. கருவியும் அதிர்வைத்தான் பயன்படுத்துகிறது. அது உண்மையான குவாண்டம் கருவி. நம் உடலில் உள்ள நீரில் ஹைட்ரஜன் அணுக்கள் நிறைந்துள்ளன. அவற்றின் கருக்கள் நுண்ணிய காந்தங்களைப்போல் நடந்துகொள்கின்றன. வலிமையான காந்தப்புலத்தில் அவற்றுக்குக் குறிப்பிட்ட ஆற்றல் நிலைகளே உண்டு. சரியான அதிர்வெண் கொண்ட வானொலி அலையைச் செலுத்தினால் மட்டுமே அவை ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்குத் தாவும். 1.5 டெஸ்லா வலிமையுள்ள காந்தத்தில் அந்த அதிர்வெண் ஏறத்தாழ 64 மெகாஹெர்ட்ஸ். இதனைச் செய்ய, காந்தச் சுருளைத் திரவ ஹீலியத்தில் சுழியத்திற்குக் கீழே 269 பாகை செல்சியசு வரை குளிர்விக்க வேண்டியுள்ளது. இங்கே 'எவ்வளவு?' என்று கேட்டால் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் விடையாக வருகிறது. பதக்கம் சீராக்குவதாகச் சொல்லப்படும் அதிர்வு எது? ஒரு நொடிக்கு எத்தனை முறை? எந்தக் கருவியால் அளந்தார்கள்? இவற்றுக்கு விளம்பரத் தாளில் விடை இருப்பதில்லை.

'பின்னல்' என்னும் குவாண்டம் பண்பும் இப்படித்தான் விலைக்கு வருகிறது. ஒன்றாக உருவான இரு துகள்கள் வெகு தொலைவு பிரிந்து சென்ற பின்னரும், ஒன்றை அளந்து கிடைக்கும் முடிவும் மற்றொன்றை அளந்து கிடைக்கும் முடிவும் வியக்கத்தக்க வகையில் பொருந்தியிருக்கும். இது உண்மை, இதனைச் சோதனைகளால் நிறுவிய மூவருக்கு 2022ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆனால், இதைக் கொண்டு ஒரு செய்தியையோ ஆற்றலையோ இங்கிருந்து அங்கே அனுப்ப முடியாது. ஈப்போவில் அமர்ந்துகொண்டு ஜொகூரில் உள்ளவரின் முதுகுவலியைக் 'குவாண்டம் பின்னலால்' தீர்ப்பதாகச் சொல்வோர் இந்தப் பகுதியை விட்டுவிடுகின்றனர்.

பின்னலைக் காப்பது எளிதும் அன்று. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2007இல் தொடங்கப்பட்ட குவாண்டம் தொழில்நுட்ப மையத்தின் ஆய்வாளர்கள், பின்னிய ஒளித்துகள்களை உருவாக்கும் கருவியைச் சிறிய செயற்கைக்கோள் ஒன்றில் அடக்க ஆண்டுக்கணக்கில் உழைத்தனர். மூன்று கிலோவுக்கும் குறைவான எடையுள்ள ஸ்பூக்கி-1 என்னும் அந்தச் செயற்கைக்கோள் 2019இல் அனைத்துலக விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்டு, அப்பணியைச் செய்து காட்டியது. சுற்றியுள்ள காற்றும் வெப்பமும் பிற துகள்களும் மோத மோத, இத்தகைய நுண்ணிய பண்புகள் மிக விரைவில் மங்கிவிடும். மனித உடலோ வெதுவெதுப்பானது, ஈரமானது, ஓயாமல் மூலக்கூறுகள் மோதிக்கொண்டிருப்பது. அதனோடு பின்னிக்கொள்ளும் பதக்கம் இருக்குமானால், அதனைச் சங்கிலியில் கோத்து விற்க மாட்டார்கள். நோபல் பரிசுக்கு அனுப்புவார்கள்.

மூன்றாவது, 'பார்ப்பவர்' பற்றிய குழப்பம். நாம் பார்க்கும்போது துகளின் நிலை மாறுகிறது. ஆகவே நினைத்தால் நோயும் மாறும் என்று பல நூல்களும் பயிற்சி வகுப்புகளும் கூறுகின்றன. இயற்பியலில் 'பார்த்தல்' என்பது அளத்தலைக் குறிக்கும். துகளை அளக்க வேண்டுமானால் ஏதேனும் ஒரு கருவி அதனோடு தொடர்புகொண்டாக வேண்டும். ஆய்வகக் கதவைப் பூட்டிவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டாலும் கருவி அதே முடிவைத்தான் பதிவு செய்யும். மேலும், எந்த முடிவு வர வேண்டும் என்பதை அளப்பவர் விருப்பத்தால் தேர்ந்தெடுக்க முடியாது.

இந்தக் குழப்பத்தைப் பரவலாக்கியவர்களுள் இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் வாழும் மருத்துவர் தீபக் சோப்ரா குறிப்பிடத்தக்கவர். குவாண்டம் நலமாக்கல் என்னும் பொருளில் பெயரிடப்பட்ட அவருடைய நூல் 1989இல் வெளிவந்தது. 1998இல், சிரிக்க வைத்துச் சிந்திக்கத் தூண்டும் 'இக் நோபல்' பரிசு இயற்பியலுக்காக அவருக்கு அளிக்கப்பட்டது. அது பாராட்டு அன்று என்பதைச் சொல்லத் தேவையில்லை. மறுபக்கம், குவாண்டம் இயற்பியலின் முன்னோடிகளில் ஒருவரான எர்வின் ஷ்ரோடிங்கர் வேதாந்தத்தை உண்மையான ஈடுபாட்டோடு படித்தவர். ஆனால், அவருடைய புகழ்பெற்ற சமன்பாட்டில் வேதாந்தம் இல்லை. வேதாந்தத்திற்குச் சான்றாக அவர் அந்தச் சமன்பாட்டை விற்கவும் இல்லை. தியானம் செய்பவருக்கு மன அமைதி கிடைக்கலாம். அதற்குக் குவாண்டத்தின் சிபாரிசுக் கடிதம் எதற்கு?

அப்படியானால், பதக்கம் அணிந்ததும் பாட்டி ஏன் தடுமாறவில்லை? முதல் முறை அழுத்தும்போது கையை உடலைவிட்டுச் சற்று வெளிப்புறமாகத் தள்ளினால் எவரும் நிலைகுலைவார். இரண்டாம் முறை உடலின் பக்கமாகச் சற்றே சாய்த்து அழுத்தினால் அந்த விசை கால்களின் வழியாகத் தரைக்குச் சென்றுவிடும். அழுத்தத்தின் திசையில் உள்ள வேறுபாடு பார்வையாளருக்குத் தெரியாது. போதாததற்கு, இரண்டாம் முறை என்ன நடக்கப்போகிறது என்பதை அறிந்த உடல் முன்கூட்டியே தன்னை இறுக்கிக்கொள்கிறது. இதைச் சோதிப்பது எளிது. ஒரே மாதிரியான இரண்டு உறைகளில் ஒன்றில் பதக்கத்தையும் மற்றொன்றில் அதே எடையுள்ள பிஸ்கட்டையும் இட்டு ஒட்டிவிட வேண்டும். அழுத்துபவருக்கும் கை நீட்டுபவருக்கும் எதில் எது உள்ளது என்பது தெரியக்கூடாது. இருபது முறை செய்து குறித்துக்கொண்டால் பதக்கத்தின் ஆற்றலும் பிஸ்கட்டின் ஆற்றலும் ஒன்றே என்பது புலப்படும். பிஸ்கட்டையாவது பிறகு சாப்பிடலாம்.

இது வெறும் 280 ரிங்கிட் இழப்பாக முடிந்தால் பெரிதாக வருந்த வேண்டியதில்லை. அந்தப் பாட்டி இனிப்புநீர் நோயாளி என்று வைத்துக்கொள்வோம். பதக்கம் இருக்கிறதே என்று மாத்திரையை நிறுத்தினால் முதல் சில வாரங்கள் அவருக்குப் பெரிய வேறுபாடு தெரியாமலிருக்கலாம். கண்ணின் நுண்ணிய இரத்தக் குழாய்களும் சிறுநீரகமும் கால் நரம்புகளும் அதற்குள் பழுதடையத் தொடங்கியிருக்கும். இரத்தச் சர்க்கரையின் அளவைக் காட்டும் எண் ஏறிக்கொண்டே போகும். அதைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தைத்தான் 'குவாண்டம்' என்ற சொல் தூங்க வைத்துவிடுகிறது.

இனி, பேச்சாளர் காட்டக்கூடிய ஒரே எண்ணுக்கு வருவோம். இத்தகைய பதக்கங்கள் 'எதிர்மின் அயனிகளை' வெளியிடுவதாகவும் கூறப்படுவதுண்டு. சிறிய அளவி ஒன்றைப் பதக்கத்தின் அருகே வைத்தால் எண்கள் உயரும். சில பதக்கங்களில் அந்த எண் பொய்யன்று. அதற்குக் காரணம், மோனசைட் போன்ற கனிமப் பொடியில் உள்ள தோரியம் என்னும் கதிரியக்கத் தனிமம். தோரியம் சிதையும்போது வெளிவரும் கதிர்கள் காற்று மூலக்கூறுகளிலிருந்து மின்னணுக்களைப் பிய்த்தெடுக்கின்றன. அவ்வாறு உருவாகும் அயனிகளையே அளவி காட்டுகிறது. மோனசைட் மலேசியாவுக்குப் புதியதன்று. பேராக்கின் ஈயச் சுரங்கங்களில் ஈயத்தைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் 'அமாங்' என்னும் கனமணலில் அது கலந்துள்ளது. அந்த மணலைக் கையாள்வோருக்குக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள் உண்டு. அதே கனிமத்தை நெஞ்சில் தொங்கவிட்டு உறங்குபவருக்கு யாரும் விதி சொல்வதில்லை.

2021ஆம் ஆண்டு டிசம்பரில் நெதர்லாந்தின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரிகள், கதிரியக்கம் கொண்ட பத்துப் பொருள்களைப் பட்டியலிட்டு எச்சரித்தனர். பதக்கங்களோடு தூக்கக் கண்மூடியும் சிறுவர்களுக்கான கைவளையமும் அதில் இருந்தன. 5ஜி அலைகளின் கதிர்வீச்சிலிருந்து காப்பதாகக் கூறி விற்கப்பட்டவை இவை. கதிரியக்கத்தின் அளவு குறைவுதான் என்றாலும், நீண்ட காலம் இடைவிடாது அணிந்தால் தீங்கு நேரலாம் என்பதால் அவற்றின் விற்பனைக்குத் தடை விதிக்கப்பட்டது. வைத்திருப்போர் அணிவதை நிறுத்திப் பத்திரமாக எடுத்து வைக்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டனர்.

புரியாத புதிய அறிவியல் சொல் மருந்தாக மாறுவது இது முதல் முறையன்று. 1898இல் மேரி கியூரியும் பியேர் கியூரியும் ரேடியத்தைக் கண்டுபிடித்த பின்னர், 'ரேடியம்' என்பதே அக்காலத்தின் மந்திரச் சொல்லாக இருந்தது. ரேடியம் பெயரைத் தாங்கிய களிம்புகளும் பானங்களும் கடைகளுக்கு வந்தன. அவற்றுள் பலவற்றில் ரேடியமே இல்லை. ஏமாற்றியவர்களின் பொருளை வாங்கியவர்கள் பிழைத்துக்கொண்டனர். அமெரிக்காவில் வில்லியம் பெய்லி என்பவர் விற்ற 'ரேடிதார்' அப்படிப்பட்டதன்று. அதன் சிறிய புட்டிகளில் உண்மையாகவே ரேடியம் கரைக்கப்பட்ட நீர் இருந்தது. பெய்லி மருத்துவர் அல்லர்.

ஈபன் பயர்ஸ் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்துத் தொழிலதிபர். 1906இல் அந்நாட்டின் பயில்முறைக் கோல்ப் வெற்றியாளர். 1927இல் இரயில் படுக்கையிலிருந்து விழுந்து கையில் காயம்பட்டபோது, மருத்துவர் ஒருவரின் பரிந்துரையால் ரேடிதாரைக் குடிக்கத் தொடங்கினார். உடலில் புதுத் தெம்பு ஏறியதாக உணர்ந்து, நண்பர்களுக்கும் புட்டிகளை அனுப்பினார். அடுத்த சில ஆண்டுகளில் அவர் ஏறத்தாழ 1,400 புட்டிகளைக் குடித்து முடித்தார். ரேடியம் வேதியியல் பண்பில் கால்சியத்தை ஒத்தது. ஆகவே, உடல் அதனை எலும்புகளில் சேர்த்து வைத்தது. அவருடைய பற்கள் உதிர்ந்தன. தாடையின் பெரும்பகுதி அழிந்தது. 1932 மார்ச் 31ஆம் நாள், 51ஆம் வயதில் அவர் இறந்தார். ஈயத் தகடு பொருத்திய பெட்டியில் அவரை அடக்கம் செய்தனர்.

1965இல் ஆய்வுக்காக அந்தப் பெட்டியைத் திறந்து, எலும்புகளில் இருந்த ரேடியத்தை அளந்தனர். அவை அப்போதும் கதிரியக்கம் மிக்கனவாகவே இருந்தன. ரேடியம்-226இன் அரை வாழ்நாள் 1,600 ஆண்டுகள். பயர்ஸின் எலும்புகளில் உள்ளதில் பாதி சிதைவதற்கு இன்னும் ஏறத்தாழ 1,500 ஆண்டுகள் இருக்கின்றன.